காட்டிக்கொடுத்தவரை என் செய்வது?

(பெரிய வெள்ளிக்கு முந்திய வாரத்திலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யூதாசு முப்பது வெள்ளிக்காசுக்குத் தன் குருவைக் காட்டிக்கொடுத்த கதையைச் சிறுபிராயந்தொட்டே நாம் கேட்டு வருகின்றோம். அவரை அறியவே மாட்டேன் என்று மும்முறை மறுத்த பேதுருவின் கதையையும் கேட்டு வருகின்றோம். இரண்டும் ஒரே இரவின் செய்திகள். ஒருவன் காசை வீசியெறிந்துவிட்டு நான்றுகொண்டு மாண்டான். மற்றவர் வெளியே சென்று மனங்கசந்து அழுதார். பின்னொரு நாள் திபேரியாக் கடற்கரையிலே, கரிநெருப்பின் அருகே, மும்முறை மறுத்த அதே நாவினால் மும்முறை தம் அன்பை அறிக்கை செய்து, மந்தையை மேய்க்கும் பொறுப்பையும் பெற்றுக்கொண்டார்.

ஆண்டுதோறும் இதனைக் கேட்கும் நாம், இதனோடு சேர்த்துக் கேட்கவேண்டிய வினாவொன்றைக் கேளாமலே வீடு திரும்புகின்றோம். அன்று காட்டிக்கொடுக்கப்பட்டவர் ஆண்டவர். ஆகவே அவர் மன்னித்தார் என்று சொல்லி அமைதி கொள்கின்றோம். காட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் நாமாக இருந்தால்? ஒரு சமூகம், தன் நடுவே இருந்து தன்னைக் காட்டிக்கொடுத்தவரை என் செய்வது? மீண்டும் அவரைச் சேர்த்துக்கொண்டால், உயிரைக் கொடுத்து உறுதி காத்தவர்களுக்கு அது நாம் இழைக்கும் அநீதியாகாதா? சேர்க்க மறுத்தால், பேதுருவைச் சேர்த்துக்கொண்ட நாதரின் நாமத்தை உச்சரிக்க நமக்கு உரிமைதான் ஏது?

இவ்வினாவை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விவாதித்து, அதன்பொருட்டு இரத்தமும் சிந்திய திருச்சபை ஒன்று இருந்தது. இன்று தூனிசியா, அல்ஜீரியா என வழங்கும் வட ஆபிரிக்க நாடுகளிலே, உரோமைப் பேரரசின் காலத்தில் வாழ்ந்த திருச்சபை அது. அதன் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க எண்ணினோம்.

ஏடு கையளித்தோர்

கி.பி. 303ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் உரோமைச் சக்கரவர்த்தி தியோக்கிளேசியன் ஓர் ஆணை பிறப்பித்தான். கிறிஸ்தவ ஆலயங்கள் இடிக்கப்படவேண்டும். வேத ஏடுகள் எரிக்கப்படவேண்டும் என்பது அவ்வாணை. அச்சுயந்திரம் தோன்றாத காலம் அது. கையால் எழுதிய ஓர் ஏடு போனால் ஓர் ஊர்ச் சபையின் வேதமே போயிற்று எனலாம். அத்தகைய ஏடுகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர்களை அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் 'திராதித்தோரெஸ்' என்று அழைத்தனர். கையளித்தவர் என்பது அவ்விலத்தீன் சொல்லின் நேர்ப்பொருள். யூதாசு தன் குருவைக் கையளித்தான் என்று சொல்வதற்கும் அவர்களுடைய வேதத்தில் அதே வினைச்சொல்லே வழங்கியது. ஆகவே ஏட்டைக் கொடுத்தவன் யூதாசின் உடன்பிறப்பு என்னும் எண்ணம் சொல்லிலேயே பதிந்து கிடந்தது.

அவ்வாண்டு மே மாதம் 19ஆந் தேதி சிர்த்தா நகரில் நடந்த சோதனையின் அரசாங்கக் குறிப்பேடு இன்றுவரை அழியாமல் நமக்குக் கிடைத்துள்ளது. அல்ஜீரியாவில் இன்று கொன்ஸ்தந்தீன் எனப் பெயர் பெற்றிருக்கும் நகரம் அது. நகர அதிகாரியான முனாத்தியுஸ் பெலிக்ஸ், கிறிஸ்தவர் கூடும் வீட்டுக்குச் சென்றான். மேற்றிராணியார் பவுல் அங்கே அமர்ந்திருந்தார். கண்ட பொருள்களை எழுதுவோர் ஒவ்வொன்றாகப் பதிந்தனர்: பொற்கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளி விளக்கு 7, பெண்களின் அங்கி 82, ஆண்களின் அங்கி 16, ஆண்களின் பாதரட்சை 13 சோடி, பெண்களின் பாதரட்சை 47 சோடி. ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் கொடுப்பதற்கெனச் சபையார் சேர்த்து வைத்திருந்தவை போலும். அந்த வரிசையைப் படிக்கும்பொழுது, நம்முடைய கோவிற்பற்று ஒன்றின் கணக்குப் புத்தகத்தைப் படிப்பது போலவே இருக்கின்றது.

பின்பு வேத ஏடுகளைக் கேட்டான் அதிகாரி. உபதியாக்கோன் ஒருவர் மிகப் பெரிய ஏடு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏன் ஒன்றே ஒன்று என்று அவன் வினவ, மற்றவை வாசகர்களிடம் உள்ளன என்று விடை வந்தது. வாசகர்களின் பெயரைச் சொல்லுமாறு வற்புறுத்தியபோது, அந்த உபதியாக்கோனும் அவருடைய தோழரும் தாங்கள் காட்டிக்கொடுப்போர் அல்லர் என்றும், வேண்டுமாயின் தங்களைக் கொல்லக் கட்டளையிடலாம் என்றும் கூறினர். இருவரும் சிறைப்படுத்தப்பட்டனர். அன்பர்களே, இதனைக் கூர்ந்து நோக்குங்கள். ஏட்டைக் கொடுத்த அதே கைகள் மனிதரைக் கொடுக்க மறுத்தன. இவர்களைத் துரோகிகளின் பட்டியலில் எழுதுவதா, வீரர்களின் பட்டியலில் எழுதுவதா?

வாசகர்களின் வீடுகளை அதிகாரி வேறு வழியால் அறிந்துகொண்டான். ஒரு வீட்டில் 4 ஏடுகள், மற்றொன்றில் 5, இன்னொன்றில் 8. இலக்கண ஆசிரியர் ஒருவர் 2 ஏடுகளையும் கட்டாத தாள்களையும் கொடுத்தார். வீட்டில் இல்லாத கணவனுக்காக மனைவியொருத்தி 6 ஏடுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். சில்வானுஸ் என்னும் மற்றோர் உபதியாக்கோன், மறைந்து கிடந்த வெள்ளிப் பேழை ஒன்றையும் வெள்ளி விளக்கு ஒன்றையும் எடுத்து நீட்டினான். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வரும்.

உறுதியாய் நின்றோரும் உண்டு. திபியூக்கா என்னும் ஊரின் மேற்றிராணியார் பெலிக்ஸ், ஏடுகள் தம்மிடம் உள்ளன என்பதை ஒப்புக்கொண்டு, கொடுக்கமாட்டேன் என்று மறுத்து, அதே ஆண்டிலே தலை கொடுத்தார். அபித்தீனா என்னும் ஊரிலோ மேற்றிராணியார் ஏட்டைக் கொடுத்துவிட்டார். அவருடைய மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆண்டவரின் நாளிலே கூடி வழிபட்ட குற்றத்துக்காக அவ்வூரார் 49 பேர் 304ஆம் ஆண்டில் கார்த்தேசு நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு வதைக்கப்பட்டனர். கார்த்தேசு நகரின் மேற்றிராணியார் மென்சூரியுஸ், வேத ஏடுகளை ஒளித்துவிட்டுப் பதிதர்களின் நூல்களை ஆலயத்தில் வைத்து, அதிகாரிகள் அவற்றை அள்ளிச் செல்லுமாறு செய்தார். அது சாமர்த்தியமா, கோழைத்தனமா என்று அவர் காலத்திலேயே பலர் வாதாடினர்.

அடைத்த கதவுக்குள் மன்னிப்பு

கலகம் அடங்கத் தொடங்கிய காலத்தில், 305ஆம் ஆண்டளவில், நுமீதியா நாட்டு மேற்றிராணிமார் சிலர் சிர்த்தா நகரில் ஒரு வீட்டிலே கூடினர். மூத்தவரான செக்குந்துஸ் என்பவர் ஒவ்வொருவரையும் விசாரிக்கத் தொடங்கினார். ஒருவர் வேதத்துக்குப் பதிலாக வைத்திய நூலைக் கொடுத்ததாகச் சொன்னார். மற்றொருவர், நான்கு சுவிசேஷங்களையும் நெருப்பிலிடுமாறு தம்மைக் கட்டாயப்படுத்தினர் என்று கூறி மன்னிப்புக் கேட்டார். வேறொருவரோ சீறியெழுந்தார். தம்மை விசாரிக்கும் செக்குந்துஸ், அதிகாரிகளின் பிடியிலிருந்து தாம் மட்டும் எவ்வாறு தப்பி வந்தார் என்று அவர் திருப்பிக் கேட்டார். சபை திகைத்தது. இறுதியில், இவற்றையெல்லாம் கடவுளுக்கே விட்டுவிடுவோம் என்று சொல்லி எல்லாரும் தத்தம் ஆசனங்களில் அமர்ந்தனர்.

அக்கூட்டத்தின் குறிப்பேடாகக் கத்தோலிக்கர் காட்டிய ஏடு கூறும் செய்தி இது. அவ்வேடு மெய்யானதன்று என எதிர்ப்பக்கத்தார் பிற்காலத்தில் வாதாடினர் என்பதையும் சொல்லிவைப்பது நியாயம். அந்த நாள்களிலே சிர்த்தாவின் புதிய மேற்றிராணியாராக உயர்த்தப்பட்டவர் யார் தெரியுமா? வெள்ளி விளக்கை எடுத்து நீட்டிய அதே சில்வானுஸ்.

சில ஆண்டுகள் கழிந்தன. 311, 312ஆம் ஆண்டளவில் கார்த்தேசு நகரின் பீடத்துக்குச் செசிலியான் என்பவர் தெரிவு செய்யப்பட்டார். செக்குந்துஸ் 70 மேற்றிராணிமாரோடு அந்நகருக்கு வந்தார். செசிலியான் மேல் கைவைத்து அபிஷேகம் செய்தவருள் ஒருவராகிய அப்துங்கா ஊர்ப் பெலிக்ஸ் ஏடு கையளித்தவர் என்றும், ஆகவே அந்த அபிஷேகமே செல்லாதென்றும் தீர்ப்புக் கூறினர். போட்டி மேற்றிராணியார் ஒருவரை நியமித்தனர். அவருக்குப் பின் அப்பீடத்தில் அமர்ந்த டொனாத்துஸ் என்பவரின் பெயராலே அக்கட்சியார் டொனாத்தியர் எனப்பட்டனர்.

அந்த ஏடு மெய்யாயின், அடைத்த கதவுக்குள்ளே ஒருவரையொருவர் மன்னித்துக் கடவுளிடம் விட்டவர்கள், திறந்த வெளியிலே மற்றவரை மன்னிக்க மறுத்தனர் என்றாகின்றது. அந்த இரகசிய மன்னிப்பில் உண்மை இருக்கவில்லை. ஒருவர் குற்றத்தை மற்றவர் அறிவார் என்ற அச்சமே அவர்களை அமைதிப்படுத்தியது. கடவுளின் திருப்பெயரை அதற்குத் திரையாகத் தொங்கவிட்டனர். குற்றத்தை மூடிமறைத்தல் மன்னிப்பாகாது.

ஆயினும் டொனாத்தியர் எல்லாரும் வேடதாரிகள் என்று எண்ணுதல் பெருந்தவறு. அவர்களைப் பின்பற்றிய பொதுமக்கள் சிறையில் வாடியவர்களின் மக்கள், வதைபட்டவர்களின் சுற்றத்தார். தங்கள் தந்தை மடிந்த வேளையிலே ஏட்டைக் கொடுத்துவிட்டுத் தப்பியவர், மறுநாள் வந்து பலிபீடத்தண்டை நின்றால் அவர்கள் நெஞ்சு பொறுக்குமா? அந்த வேதனை மெய்யானது. அதனை மதியாமல் மன்னிப்பைப் போதிப்பவர் யாராயினும், அவர் போதனை காற்றோடு போகும்.

கள்ளக் கடிதமும் ஒரு நல்ல விதியும்

அப்துங்காப் பெலிக்ஸ் மெய்யாகவே ஏடு கையளித்தாரா? உரோமையிலே 313ஆம் ஆண்டிலும், பிரான்சு நாட்டின் ஆர்ல் நகரிலே 314ஆம் ஆண்டிலும் வழக்கு விசாரிக்கப்பட்டது. பெலிக்சின் காரியம் ஆபிரிக்காவிலே அரச அதிகாரியின் முன் தனியாக ஆராயப்பட்டது. அவருக்கு எதிராகக் காட்டப்பட்ட கடிதத்தின் பிற்பகுதி, இங்கென்சியுஸ் என்னும் எழுதுவோன் ஒருவன் சேர்த்து எழுதிய பொய் என்பது அங்கே வெளியாயிற்று. கள்ள உறுதி முடித்துக் காணியைப் பிடிப்பவனைப்போல, கள்ளக் கடிதம் எழுதி ஒரு மனிதனின் மானத்தைப் பிடித்திருந்தான் அவன். பெலிக்ஸ் குற்றமற்றவர் என்று தீர்க்கப்பட்டது.

மறுபக்கத்தில், 320ஆம் ஆண்டிலே நுமீதியாவின் ஆளுநர் முன்னிலையில் மற்றொரு விசாரணை நடந்தது. 303ஆம் ஆண்டின் அந்தச் சிர்த்தா குறிப்பேடு அங்கே உரத்து வாசிக்கப்பட்டது. கையளித்தவரோடு கலவோம் என்று முழங்கிய கட்சியின் பெருந்தூணாகிய சில்வானுஸ், தானே கையளித்தவருள் ஒருவன் என்பது அம்பலமாயிற்று.

சட்டம் பயின்ற அன்பர்கள் ஆர்ல் சங்கத்தின் விதியைக் கவனிக்கவேண்டும். ஏடு கையளித்த குருமார், வெறும் பேச்சினாலன்றி அரச பதிவேடுகளால் குற்றம் நிரூபிக்கப்பட்டால், பதவியிலிருந்து நீக்கப்படல் வேண்டும். ஆயினும் அவர் கையால் முன்னர் அபிஷேகம் பெற்றவர் தகுதியுடையவராயின், அவரது அபிஷேகம் செல்லும். விலைக்கு வாங்கிய சாட்சிகளைக் கொண்டு பொய்க்குற்றம் சாட்டுவோருக்கும் தண்டனை உண்டு. இதனிலே மூன்று உண்மைகள் அடங்கியுள்ளன. குற்றம் குற்றமே, அதற்குப் பயன் உண்டு. குற்றத்தை ஊர்ப்பேச்சுத் தீர்மானிக்கக் கூடாது, சான்று வேண்டும். ஒருவன் குற்றம் அவனோடு நிற்கவேண்டும். அவன் தொட்டவர்மீதும் அவன் பிள்ளைகள்மீதும் அது தொற்றுநோய்போற் பரவுவதில்லை.

இவ்விதி எல்லாராலும் ஏற்கப்பட்டிருந்தால் வரலாறு வேறாயிருக்கும். டொனாத்தியர் ஏற்கவில்லை. எதிர்ப்பக்கத்தாரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுத்தனர். ஊர்தோறும் இரண்டு மேற்றிராணிமார், இரண்டு பலிபீடங்கள். ஒரே வீட்டில் வாழும் கணவனும் மனைவியும் இரண்டு ஆலயங்களுக்குச் சென்றனர். ஹிப்போ நகரிலே டொனாத்திய மேற்றிராணியார் ஒருவர், கத்தோலிக்கருக்கு அப்பம் சுட்டுக் கொடுக்கலாகாது என்று தம் பக்கத்து அப்பக்காரருக்குத் தடை விதித்தார். மற்றப் பக்கத்தாரும் கைகட்டியிருக்கவில்லை. 317ஆம் ஆண்டிலும் 347ஆம் ஆண்டிலும் அரச படைகள் டொனாத்தியரை ஒடுக்கின, இரத்தம் சிந்தப்பட்டது. ஏட்டைக் கையளித்தவர் எல்லாரும் மாண்டு மண்ணாகிப் பல ஆண்டுகள் ஆன பின்னரும், அவர்களைக் கண்ணாற் காணாத பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் துரோகியின் வித்து என்று ஏசிக்கொண்டிருந்தனர்.

வாய்க்காலும் நீரும்

கடவுள் நம்பிக்கை என்பது இங்கேதான் சோதனைக்கு வருகின்றது. 400ஆம் ஆண்டையொட்டி, அதே சிர்த்தா நகரின் டொனாத்திய மேற்றிராணியாராயிருந்த பெத்திலியான் என்பவர், ஞானஸ்நானம் கொடுப்பவரின் மனச்சாட்சி தூயதாயிருந்தாலே பெறுபவர் தூய்மையடைவார் என்று எழுதினார். கேட்பதற்கு நேர்மையான கூற்றே. ஆனால் அதன் முடிவு யாது? எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த குருவானவர் இரகசியத்தில் ஒரு துரோகியென்றால் என் ஆத்துமம் என்னாவது? அவர் உள்ளத்தை அறிபவர் யார்?

ஹிப்போவின் மேற்றிராணியாராயிருந்த அகுஸ்தீனார் இதற்கு மறுமொழி எழுதினார். நம்பிக்கையை வைக்கவேண்டிய இடம் கொடுப்பவர் அல்லர், கிறிஸ்துவே என்பது அதன் சாரம். பிறிதோரிடத்தில் அவர் ஓர் உவமை கூறினார். கல்லாலான வாய்க்கால் வழியாக நீர் பாத்திகளுக்குச் செல்லுகின்றது. அந்தக் கல்லில் ஒன்றும் முளைப்பதில்லை. ஆனால் தோட்டமோ செழித்துக் கனி கொடுக்கின்றது என்றார். கமத்தொழில் செய்யும் நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. குளத்து நீர் வயலுக்கு வரும்பொழுது, வாய்க்கால் வெட்டியவன் யோக்கியனா என்று நெற்பயிர் விசாரிப்பதில்லை. நீர் குளத்தினுடையது.

நாம் நம்பிய மனிதர் நம்மைக் காட்டிக்கொடுக்கும் நாளிலே நம் கடவுள் நம்பிக்கையும் சேர்ந்து இடிந்து விழுமாயின், நாம் அதுவரை மனிதரையே கடவுளின் இடத்தில் வைத்திருந்தோம் என்று பொருள். அபித்தீனா ஊராரை எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய மேற்றிராணியாரே ஏட்டைக் கொடுத்துவிட்டார். வாய்க்கால் உடைந்தது, அவர்களுடைய ஊற்றோ வற்றவில்லை. காட்டிக்கொடுக்கப்பட்டவருக்குக் கடவுள் நம்பிக்கை தரும் முதல் நன்மை இதுவே: துரோகம் செய்தவன் நம்மிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துச் சென்றுவிடவில்லை. அதனை உணர்ந்தவனாலேயே மன்னிப்பைப் பற்றிச் சிந்திக்கவும் முடியும்.

களை பிடுங்காத கமக்காரன் உண்டோ?

இரு பக்கத்தாரும் வாதாடிய மற்றொரு வேதபாகம் களைகளின் உவமை. நல்ல விதை விதைத்த வயலிலே பகைவன் இரவில் வந்து களை விதைக்கின்றான். பிடுங்கட்டுமா என்று வேலைக்காரர் கேட்க, அறுவடைவரை இரண்டும் வளரட்டும் என்று தலைவன் தடுக்கின்றான். வயல் என்பது உலகமே, திருச்சபையன்று; ஆகவே திருச்சபையில் களை இருக்கலாகாது என்றனர் டொனாத்தியர். திருச்சபை உலகெங்கும் பரந்துள்ளது. இறுதிநாள்வரை அதனுள்ளும் இரண்டும் கலந்தே இருக்கும் என்றார் அகுஸ்தீனார்.

இதனைக் கேட்கும் கமக்காரர் ஒருவர், "களை பிடுங்காமல் விட்டால் விளைச்சல் ஏது?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆயினும் அவருக்கே தெரியும்: நெற்பயிரைப் போலவே இலைவிட்டு நிற்கும் புல்லும் உண்டு, கதிர் தள்ளும்வரை கைதேர்ந்தவரும் ஏமாறுவர். வேரோடு வேர் பின்னிக் கிடக்கும் இடத்தில் புல்லை இழுத்தால் நெல்லும் சேர்ந்து வரும். அகுஸ்தீனாரும் கண்டிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. குற்றம் எல்லாருக்கும் வெளிப்படையாகி, நல்ல பயிருக்குச் சேதம் வராதென்று உறுதியானால், ஒழுங்கு நடவடிக்கை உறங்கலாகாது என்றே எழுதினார். அவர் மறுத்தது இறுதித் தீர்ப்பை நாமே இன்றைக்கே கூறிவிடும் துணிவை. நெல்லா, பதரா என்பதைச் சூடுமிதித்துத் தூற்றும் நாள் ஒன்று உண்டு. அந்தக் களத்துக்கு உடையவர் ஒருவர் உண்டு. அவர்மேல் நம்பிக்கையுள்ளவன் பழிவாங்கும் பாரத்தைத் தன் தோளிலிருந்து இறக்கிவைக்கலாம்.

பீடத்தை விட்டுக்கொடுத்தல்

411ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சக்கரவர்த்தியின் பிரதிநிதி மார்செல்லினுஸ் முன்னிலையில் இரு பக்கத்தாரும் கார்த்தேசு நகரில் கூடினர். ஒவ்வொரு பக்கத்திலும் 280 பேரளவில் மேற்றிராணிமார். கூட்டத்துக்கு முன் கத்தோலிக்க மேற்றிராணிமார் ஒரு வாக்குறுதி எழுதிக் கொடுத்தனர். தாங்கள் தோற்றால் பதவியை விட்டுவிடுவதாகவும், வென்றால் டொனாத்திய மேற்றிராணிமாரைச் சமமாக ஏற்றுத் தங்கள் பீடங்களைப் பகிர்ந்துகொள்வதாகவும், மக்கள் இருவரை ஏற்க மறுத்தால் இருவரும் விலகி மூன்றாமவருக்கு இடங்கொடுப்பதாகவும் எழுதினர். ஏறக்குறைய 300 பேர் இருந்த கூட்டத்தில் இருவருக்கே இது கசந்ததாம். மன்னிப்பு வாயளவில் நில்லாமல், மன்னிப்பவரின் கையிலிருந்தும் ஏதோ ஒன்றைச் செலவழிக்கவேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

டொனாத்தியர் வந்தனர். பொல்லாதவரோடு உட்காரமாட்டோம் என்று நின்றுகொண்டேயிருந்தனர். தீர்ப்பு அவர்களுக்கு எதிராயிற்று. அதன்பின் நிகழ்ந்ததைச் சொல்லாமல் மறைத்தல் நேர்மையாகாது. 412ஆம் ஆண்டிலே சக்கரவர்த்தியின் சட்டம் டொனாத்தியருக்கு அபராதமும், அவர்களுடைய குருமாருக்கு நாடுகடத்தலும் விதித்தது. ஆலயங்கள் பறிக்கப்பட்டன. முன்னர்ச் சொல்லினால் மட்டுமே வெல்லவேண்டுமென்றிருந்த அகுஸ்தீனாரே, சில ஆண்டுகளாக அரச கட்டாயத்தை ஆதரித்து எழுதலாயினார். அவருடைய அந்த எழுத்தைப் பிற்காலத்துக் கொடுமையாளர் பலர் தமக்குச் சான்றாகக் காட்டினர். அங்கே அவர் தவறினார் என்றே நாம் கருதுகின்றோம். வாள்முனையில் வந்த ஐக்கியம் மன்னிப்பின் கனியாகாது.

அதே மனிதர் அக்காலத்தில் எழுதிய வேறொரு கடிதமும் உண்டு. டொனாத்திய வன்முறைக் கூட்டத்தார் சிலர் அவருடைய குருவானவர் ஒருவரைக் கொன்றனர். மற்றொருவரின் கண்ணைப் பிடுங்கி விரலையும் வெட்டினர். குற்றவாளிகள் மார்செல்லினுஸ் முன் நிறுத்தப்பட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அப்பொழுது அகுஸ்தீனார், இவர்களுக்கு மரணதண்டனையும் வேண்டாம், கண்ணுக்குக் கண் என்ற தண்டனையும் வேண்டாம் என்று மன்றாடி எழுதினார். அவர்களை விடுதலை செய்யுமாறு கேட்கவில்லை. தீங்கு செய்ய இயலாதபடி தடுத்து, பயனுள்ள வேலையில் அமர்த்துமாறு கேட்டார். இழந்தவர் அவர், இறந்தவர் அவருடைய மனிதர். நீதியைக் கைவிடாமல் பழியைக் கைவிடுவது எங்ஙனம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

நம்மிடம் கேட்கப்படும் வினா

அன்பர்களே, துரோகி என்னும் சொல் நம்முடைய பொதுவாழ்விலும் மலிந்து வழங்கிய சொல். அந்தச் சொல் ஒருவர் பெயரோடு ஒட்டப்பட்ட மறுநாளே அவர் வீட்டில் ஒப்பாரி எழுந்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் கண்டிருக்கின்றார்கள். சான்று கேட்டவர் எத்தனை பேர்? கடிதம் மெய்யா, கள்ளமா என்று ஆராய்ந்தவர் எத்தனை பேர்? மெய்யாகவே காட்டிக்கொடுத்தவர்களும் இருந்தனர். அவர்களால் மகனை இழந்த தாய்மாரும் நம் நடுவே இருக்கின்றார்கள். அவர்களிடம் சென்று, மறந்துவிடுங்கள் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. மன்னிப்பு என்பது இழந்தவர் கொடுக்கவேண்டிய கொடை. மேடையில் நிற்பவர் அவர் கையிலிருந்து பறித்துக் கொடுக்கும் பொருள் அன்று.

ஆயினும் மூன்றைச் செய்ய எல்லாராலும் இயலும். சான்றின்றி ஒருவரைத் துரோகி என்று அழையாதிருக்கலாம். குற்றம் செய்தவன் பிள்ளையை அவன் குற்றத்துக்காக ஒதுக்காதிருக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு திரும்பி வருபவனுக்கு, அவன் வகித்த பதவியைக் கொடாவிட்டாலும், பந்தியில் ஓர் இடம் கொடுக்கலாம். இவற்றைச் செய்யத் தவறிய வட ஆபிரிக்கத் திருச்சபை நூறாண்டுகளைச் சண்டையில் இழந்தது. 430ஆம் ஆண்டில் அகுஸ்தீனார் மரணப்படுக்கையில் கிடந்தபொழுது, வண்டாலரின் படை ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்தது. அந்நியன் வாசலில் நின்ற வேளையிலும், அந்நாட்டுக் கிறிஸ்தவரின் பழைய காயம் முற்றாக ஆறியிருக்கவில்லை.

மீண்டும் அந்தக் கடற்கரைக்குச் செல்வோம். ஆண்டவர் பேதுருவிடம் நடந்ததொன்றும் பெரிதல்ல என்று சொல்லவில்லை. மற்றச் சீடர் இருக்கும்போதே, நெருப்பண்டையில், மும்முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு துயருற்றார் என்று சுவிசேஷம் கூறுகின்றது. கேட்கவேண்டியது கேட்கப்பட்டது, நோகவேண்டியது நொந்தது. அதன்பின்பே பொறுப்பு வழங்கப்பட்டது. யூதாசும் தான் குற்றமற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததை உணர்ந்தவனே. காசையும் திருப்பிக் கொடுத்தான். ஆனால் அவன் போய் முறையிட்ட இடத்தில், அது உன் பாடு என்ற பொருளிலே கதவை அடைத்துவிட்டனர் குருமார். அவனும் தான் காட்டிக்கொடுத்தவரிடமே திரும்பிச் செல்லத் துணியவில்லை.

இந்தப் பரிசுத்த வாரத்திலே நம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் யாரோ ஒருவர் வந்து நிற்கக்கூடும். பங்குக் காணியில் வஞ்சித்த அண்ணனாக இருக்கலாம். பிணை நிற்கச் செய்து ஏமாற்றிய நண்பனாக இருக்கலாம். இக்கட்டான காலத்தில் நம் பெயரைச் சொல்லித் தன் உயிரைக் காத்துக்கொண்டவனாகவும் இருக்கலாம். கேட்கவேண்டியதை அவரிடம் கேட்போம். அதன்பின் அவர் உள்ளே வருவதற்கு வழி விடுவதற்கான பலத்தை, காட்டிக்கொடுக்கப்பட்ட அதே இரவில் தம் சீடரோடு பந்தியமர்ந்த ஆண்டவர் நமக்கு அருள்வாராக.